மெக்ரிட்சியா, சதர்ன் ரிட்ஜஸா? முழங்கால் வலி உள்ளவரோடு நடக்க எது சரி?

தோபாயோவாசி:
வணக்கம். சிங்கப்பூரில் டிசம்பர் கடைசி வாரம், ஒரு காலைப்பொழுது மட்டும். கூட வருபவர்கள் 67 வயது அம்மா, 8 வயதுப் பையன். அம்மாவுக்குச் சமதளத்தில் இரண்டு மணி நேரம் நடப்பது சிரமமில்லை. படி இறங்கும்போதுதான் முழங்கால் வலிக்கும். மெக்ரிட்சி காட்டிலுள்ள ட்ரீடாப் வாக் தொங்குபாலமா, சதர்ன் ரிட்ஜஸ் குன்றுப் பாதையிலுள்ள ஹெண்டர்சன் வேவ்ஸ் பாலமா? எங்கே தொடங்கி எங்கே முடிப்பது?

காட்டுவழி:
அம்மாவுக்கு மெக்ரிட்சி வேண்டாம். பாலம் 250 மீட்டர்தான், அதில் ஒரு தொல்லையும் இல்லை. ஆனால் அது ஒருவழிப்பாதை. கடந்து முடித்ததும் வந்த வழியே திரும்ப விடமாட்டார்கள். பெட்டாலிங் பாதையின் பலகைப் படிகளில் ஏறி இறங்கித்தான் ரேஞ்சர் (வனக்காவலர்) நிலையத்துக்கு வர வேண்டும். முழங்கால் அங்கேதான் மக்கர் பண்ணும். நடுக்காட்டில் டாக்சியும் கிடையாது.

பையனோடு மட்டும் போவதென்றால் நீர்த்தேக்கப் பூங்கா வாசலில் தொடங்காதீர்கள், போய்வர 10 கிலோமீட்டருக்குக் குறையாது. வீனஸ் டிரைவ் கார் நிறுத்துமிடத்திலிருந்து போனால் தூரம் நன்றாகக் குறையும். ரேஞ்சர் நிலையத்தில் கழிப்பறையும் குடிநீரும் உண்டு. திங்கட்கிழமை பாலம் மூடியிருக்கும், பொதுவிடுமுறை என்றால் மட்டும் திறப்பார்கள். பராமரிப்புக்காகவும் மூடுவதுண்டு, கிளம்புமுன் தேசியப் பூங்காக் கழகத்தின் இணையப்பக்கத்தைப் பார்த்துவிடுங்கள்.

புக்கிட்நடை:
சதர்ன் ரிட்ஜஸ்தான் சரி, ஆனால் திசை முக்கியம். ஹார்பர்ஃபிரண்ட் எம்ஆர்டி ரயில் நிலையத்தில் இறங்கி மராங் பாதையில் ஏறச் சொல்வார்கள். அது முழுக்கப் படி, விட்டுவிடுங்கள். டாக்சியில் நேராக மவுண்ட் ஃபேபர் உச்சிக்குப் போய், அங்கிருந்து மேற்கு நோக்கி நடங்கள்.

முதலில் ஹெண்டர்சன் வேவ்ஸ், சாலைக்கு மேல் 36 மீட்டர். பலகைத் தளம், வளைவுகளுக்குள் உட்கார இடமும் உண்டு. மழை நின்ற கையோடு பலகை வழுக்கும், ஓரக் கைப்பிடியை விடவேண்டாம். அடுத்தது தெலோக் பிளாங்கா குன்று, அதற்குப் பின் ஃபாரஸ்ட் வாக் (பராமரிப்புக்காக மூடியிருக்கிறதா என்று முதலில் பார்த்துவிடுங்கள்). அது 1.3 கிலோமீட்டர் உலோக நடைபாதை. வளைந்து வளைந்து சாய்வாக இறங்குவதால் படி இறங்கும் வேலை இல்லை. எதிர்த்திசையில் வந்தால் இதே சாய்வு முழுக்க ஏற்றம்.

தரை கம்பிச் சல்லடை. குனிந்தால் காலுக்கு அடியில் மர உச்சிகள் தெரியும். பையனுக்குக் கொண்டாட்டம், உயரத்துக்குப் பயப்படுகிறவர்களுக்குத் தலை சுற்றும். அம்மா கைத்தடி வைத்திருந்தால் நுனியில் அகன்ற ரப்பர் மூடி மாட்டுங்கள், மெல்லிய நுனி ஓட்டையில் இறங்கிச் சிக்கும். அலெக்சாண்ட்ரா ஆர்ச் பாலம் தாண்டி ஹார்ட் பார்க் தோட்டப் பூங்காவில் முடியுங்கள். அங்கே கழிப்பறை உண்டு, அலெக்சாண்ட்ரா சாலையில் பேருந்து கிடைக்கும்.

தோபாயோவாசி:
மிக்க நன்றி. டிசம்பர் மழைக்கு என்ன செய்வது? குரங்குத் தொல்லை உண்டா?

காட்டுவழி:
வடகிழக்குப் பருவமழைக் காலம், சில நாள் விடாமல் பெய்யும். காலை 7 மணிக்கே தொடங்குங்கள். இடிமழை பெரும்பாலும் பிற்பகலில்தான். இடி கேட்டால் பாலத்திலோ உலோக நடைபாதையிலோ நிற்கக் கூடாது.

குரங்குக்குக் கண் பிளாஸ்டிக் பைமேல்தான். பையின் சரசரப்பு கேட்டாலே சாப்பாடு என்று இறங்கி வரும். தின்பண்டம் எல்லாம் ஜிப் போட்ட முதுகுப்பைக்குள் இருக்கட்டும். பல் தெரியச் சிரிப்பதையும் முறைத்துப் பார்ப்பதையும் அது மிரட்டலாக எடுத்துக்கொள்ளும், பையனிடம் முன்பே சொல்லிவையுங்கள். எதையாவது பிடித்து இழுத்தால் விட்டுவிடுங்கள். உணவு போட்டால் முதல்முறைக்கே 5,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம்.

சேற்றுநிலம்:
இன்னொரு காலை கிடைத்தால் சுங்கை பூலோ ஈரநிலக் காப்பகம். பாதை சமதளம், அம்மாவுக்குச் சுகம். செப்டம்பரிலிருந்து மார்ச் வரை வலசைப் பறவைகள் இருக்கும். ஓத அட்டவணை பார்த்து, கடல் ஏறும் நேரத்துக்குப் போங்கள்: வெளிச்சேறு மூழ்கியதும் உள்ளான்கள் (கரையோரப் பறவைகள்) கூட்டமாக உள்குளத்துக்கு வந்து, நாம் ஒளிந்து பார்க்கும் மறைகுடிலுக்கு எதிரிலேயே அமரும். உவர்நீர் முதலைகள் உண்டு. பையன் பாதையை விட்டுக் கரையோரம் இறங்கவே கூடாது.