ஐந்து பேர் போய் மூன்று பதக்கம்: சான் மரினோவால் எப்படி முடிந்தது?

நெல்லை வாசகன்:

டோக்கியோ ஒலிம்பிக்கில், 2021 ஆகஸ்ட் 5 அன்று நடந்த ஆடவர் 86 கிலோ மல்யுத்தத்தின் வெண்கலப் பதக்கப் போட்டியில், நம் தீபக் புனியா கடைசி நொடிகள் வரை முன்னிலையில் இருந்துவிட்டு 2–4 என்ற கணக்கில் தோற்றது பலருக்கு நினைவிருக்கும். அவரை வென்ற மைல்ஸ் அமீன், சான் மரினோ நாட்டின் சார்பில் களமிறங்கியவர். நான்கு பக்கமும் இத்தாலி சூழ்ந்த அந்த நாட்டின் பரப்பு 61 சதுர கிலோமீட்டர். மக்கள்தொகை ஏறத்தாழ 34,000. நம் ஊர்ப் பக்கம் ஒரு நடுத்தர நகராட்சியில் இதைவிட அதிகம் பேர் இருப்பார்கள். 1960இல் ரோம் நகரில் முதன்முதலாக ஒலிம்பிக்கில் கலந்துகொண்ட சான் மரினோ, அறுபது ஆண்டுகளாக ஒரு பதக்கமும் பெறாமல் இருந்துவிட்டு, டோக்கியோவுக்கு அனுப்பிய ஐந்தே பேரைக் கொண்டு ஒரு வெள்ளியும் இரண்டு வெண்கலமும் வென்றது எப்படி? மக்கள்தொகைக்கு ஏற்பக் கணக்கிட்ட பட்டியல்களில் அந்த நாட்டை முதலிடத்தில் வைத்து, நம்மை அதனுடன் ஒப்பிட்டுக் குறை சொல்பவர்களும் உண்டு. அந்த ஒப்பீட்டுக்கு ஏதேனும் பொருள் இருக்கிறதா என்பதையும் விவரம் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

களத்துமேடு:

மூன்றில் இரண்டு பதக்கங்கள் 'டிராப்' எனப்படும் துப்பாக்கி சுடும் பிரிவில் வந்தவை என்பதிலிருந்து தொடங்குவது நல்லது. பள்ளத்திலிருந்து இயந்திரம் வீசும் களிமண் தட்டு எந்தக் கோணத்தில் பறக்கும் என்று தெரியாத நிலையில், அது தூரம் போய்விடுவதற்குள் இரட்டைக் குழல் துப்பாக்கியால் அதைச் சிதறடிக்க வேண்டும். இத்தாலியர்கள் கோலோச்சும் விளையாட்டு இது. உலகின் முன்னணிச் சுடுநர்கள் விரும்பி வாங்கும் பெரெட்டா, பெராட்சி துப்பாக்கிகள் இரண்டுமே இத்தாலியின் பிரெஷ்ஷா வட்டாரத்தில் தயாராகின்றன. ஆகவே சான் மரினோவின் வீரர்களுக்கு உலகத் தரமான கருவியும் எதிரிகளும் எல்லையைத் தாண்டினால் கிடைத்துவிடும். அந்த நாடு தனித்து எதையும் கட்டி எழுப்ப வேண்டிய கட்டாயம் இல்லை.

இதைச் சொல்வதால் அலெஸாந்த்ரா பெரில்லியின் உழைப்பைக் குறைத்து மதிப்பிடுவதாக எண்ண வேண்டாம். 2012இல் லண்டனில் அவர் உட்பட மூன்று பெண்கள் வெள்ளிப் பதக்கத்துக்குச் சமநிலையில் நின்றனர். அதைத் தீர்க்க நடத்திய கூடுதல் சுற்றில் தட்டைத் தவறவிட்ட பெரில்லி நான்காம் இடத்துக்குத் தள்ளப்பட்டார். மூன்று பேரில் இருவருக்குப் பதக்கம், ஒருவருக்கு வெறுங்கை. அந்த ஒருவராகத் திரும்பிய பிறகும் ஒன்பது ஆண்டுகள் அதே துப்பாக்கியோடு நின்று, டோக்கியோவில் ஜூலை 29 அன்று வெண்கலம் வென்றார். ஒலிம்பிக் பதக்கம் பெற்றவற்றுள் மக்கள்தொகையில் மிகச் சிறிய நாடு என்ற பெயர் அன்றுதான் சான் மரினோவுக்கு வந்தது.

இரண்டு நாள் கழித்து, ஜான் மார்கோ பெர்த்தியுடன் சேர்ந்து கலப்பு அணிப் பிரிவில் வெள்ளி வென்றார். இறுதிப் போட்டியில் ஸ்பெயினிடம் 41–40 என்று ஒரே ஒரு தட்டில் தங்கத்தை இழந்தார்கள். ஓர் ஆண், ஒரு பெண் என இருவர் இருந்தாலே அணி ஆகிவிடும் இந்தப் பிரிவு டோக்கியோவில்தான் முதன்முறையாகச் சேர்க்கப்பட்டது. பாரிஸில் அதை எடுத்துவிட்டு, 'ஸ்கீட்' வகையில் கலப்பு அணிப் போட்டியை வைத்தார்கள். பெரிய நாட்டுக்கு இத்தகைய மாற்றம் ஒரு பொருட்டே அல்ல. சான் மரினோவுக்கோ பதக்கம் வரும் வழிகளில் ஒன்று அதனால் அடைபட்டது. 2024இல் அந்த அணி பதக்கமின்றித் திரும்பியது.

தாமிரபரணி:

களத்துமேடு ஐயா சொன்னதோடு மூன்றாவது பதக்கத்தையும் பார்க்க வேண்டும். மைல்ஸ் அமீன் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் பிறந்து, அங்குள்ள பல்கலைக்கழக அணியில் வளர்ந்தவர். தாய்வழி மூதாதையர் மூலம் சான் மரினோ குடியுரிமை பெற்றவர். மல்யுத்தத்தில் ஓர் எடைப்பிரிவுக்கு ஒரு நாடு ஒருவரைத்தான் அனுப்பலாம். 86 கிலோ பிரிவில் அமெரிக்காவுக்காக நின்ற டேவிட் டெய்லர், காலிறுதியில் அமீனையும் அரையிறுதியில் தீபக்கையும் வீழ்த்தித் தங்கம் வென்றார். டெய்லர் இறுதிக்குப் போனதால் அவரிடம் தோற்ற அமீனுக்கு 'ரெப்பஷாஜ்' எனப்படும் மறுவாய்ப்புச் சுற்று கிடைத்து, அதன் வழியாக அவர் தீபக்கிடம் வந்து சேர்ந்தார். அமெரிக்கா இந்தியாவை ஒரே பிரிவில் இரண்டு முறை தோற்கடித்தது என்று வேடிக்கையாகச் சொல்லிக்கொள்ளலாம். குடியுரிமை சட்டப்படி அவருடையது. அதில் குற்றம் காண ஒன்றுமில்லை. ஆனால் அந்தப் பதக்கத்தை 34,000 பேரால் வகுத்துப் பார்ப்பவர்கள், அதற்குப் பயிற்சி கொடுத்த அமைப்பை எந்தக் கணக்கில் எழுதுவார்கள்?

நெல்லை வாசகன்:

இருவருக்கும் நன்றி. அப்படியானால் அண்டை நாட்டு வசதியோ வெளிநாட்டில் பிறந்த வீரரோ இல்லாத சிறு நாடுகளுக்கு வழியே இல்லையா?

பவளப்பாறை:

உண்டு, ஆனால் குறுகலானது. 21 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள பசிபிக் தீவான நவூருவை எடுத்துக்கொள்ளுங்கள். மார்க்கஸ் ஸ்டீஃபன் என்ற பளுதூக்கும் வீரர் 1990இல் ஆக்லாந்து காமன்வெல்த் போட்டியில் அந்நாட்டுக்குத் தங்கம் வென்றுகொடுத்தார். நவூருவுக்கு அப்போது ஒலிம்பிக் சங்கத்தின் அங்கீகாரம் இல்லாததால் 1992இல் பார்சிலோனாவில் சமோவாவின் சார்பில்தான் பங்கேற்க முடிந்தது. 1996 முதல் நவூரு தன் பெயரிலேயே கலந்துகொள்கிறது. காமன்வெல்த்தில் அவர் வென்றவை மொத்தம் ஏழு தங்கம், ஐந்து வெள்ளி. பின்னாளில், 2007 முதல் 2011 வரை, நாட்டின் அதிபராகவும் இருந்தார்.

பளுதூக்குதலுக்கு ஓர் அறையும் இரும்பும் ஒரு நல்ல பயிற்சியாளரும் போதும்; ஓடுபாதையோ நீச்சல் குளமோ வேண்டாம். தவிர, அந்தக் காலத்துக் காமன்வெல்த் போட்டிகளில் 'ஸ்னாச்', 'கிளீன் அண்டு ஜெர்க்' என்ற இரு தூக்கு முறைகள், இரண்டும் சேர்ந்த மொத்த எடை ஆகிய மூன்றுக்கும் தனித்தனியே பதக்கம் கொடுத்தார்கள். ஒரே மனிதர் ஒரே நாளில் மூன்று தங்கம் எடுக்கலாம். ஒலிம்பிக்கில் மொத்த எடைக்கு மட்டுமே பதக்கம் என்பதால் அந்தச் சலுகை அங்கே இல்லை.

மற்றபடி, மிகச் சிறிய அணிகளில் பெரும்பாலானவை பதக்கத்தைக் குறிவைத்து வருவதில்லை. தடகளத்தில் தகுதி இலக்கை எட்டியவர் இல்லாத நாடும் ஒருவரை அனுப்ப விதியில் இடம் இருக்கிறது. 100 மீட்டர் ஓட்டத்தில் முதல் சுற்றுக்கு முன்பே ஒரு தொடக்கச் சுற்று நடக்கிறதல்லவா, அதில் ஓடுபவர்களில் பலர் இப்படி வந்தவர்கள்தாம். கடந்த இரண்டு ஒலிம்பிக்குகளில் சராசரியாக எட்டுப் பேருக்கு மேல் அனுப்பாத நாடுகளுக்கு, வேறு சில விளையாட்டுகளில் அழைப்பு இடங்களும் கிடைக்கும். பாரிஸில் நவூருவின் அணியில் இருந்தவர் ஒரே ஒருவர். அவரும் 100 மீட்டர் ஓட்டக்காரர்.

ஒப்பீட்டைப் பற்றிய தங்கள் கேள்விக்கு என் பதில் இது: டோக்கியோவில் சான் மரினோவுக்குப் பதினோராயிரம் பேருக்கு ஒரு பதக்கம்; மூன்றே ஆண்டுகளில் அது பூஜ்யம் ஆனது. இப்படி ஆடும் எண்ணை வைத்து இந்தியாவை அளக்க நான் ஒப்ப மாட்டேன். தீபக் அந்தக் கடைசி நொடிகளில் பிடியை விடாமல் இருந்திருந்தால் அவர்களுக்கு இரண்டு, நமக்கு எட்டு என்று முடிந்திருக்கும்.