கதவு உறைந்த காலை: எங்கள் குடும்பக் குழுவில் கார் கழுவும் பேச்சு

வெள்ளி

[காலை 6:42] அக்கா: அனைவருக்கும் வணக்கம். நேற்று இரவு வேலையிலிருந்து திரும்பியதும், காரின் மேல் சுண்ணாம்பு பூசியது போல் படிந்திருந்த, பனியை உருக்கச் சாலையில் தூவும் உப்பைப் பார்க்கச் சகிக்காமல், வாசலிலேயே நிறுத்திக் கழுவிவிட்டேன். இப்போது ஓட்டுநர் பக்கத்துக் கதவு திறக்கவில்லை. பூட்டு விடுபடும் ஒலி கேட்கிறது, கைப்பிடியும் அசைகிறது, கதவு மட்டும் சட்டத்தோடு ஒட்டவைத்தாற்போல நிற்கிறது. வெளியே மைனஸ் 7 டிகிரி. எட்டு மணிக்குள் நான் கிளம்பியாக வேண்டும்.

[காலை 6:44] பெரியப்பா: இதற்கு ஏனம்மா இவ்வளவு கலக்கம்? ஒரு வாளி வெந்நீரைக் கதவின் ஓரமாக ஊற்று, திறந்துகொள்ளும்.

[காலை 6:45] மாமா: அண்ணா, குறுக்கிடுவதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். வெந்நீர் மட்டும் வேண்டாம். உறைந்து கிடக்கும் கண்ணாடியில் கொதிநீர் பட்டால், பட்ட இடம் மட்டும் சட்டென்று விரிந்து, சுற்றியுள்ள பகுதி விரியாமல் நிற்கும். முன்பே சிறு கல்லடி பட்ட கண்ணாடியாக இருந்தால் அந்தப் புள்ளியிலிருந்து கோடு ஓடிவிடும். கண்ணாடி தப்பித்தாலும், ஊற்றிய நீர் இடுக்குகளில் இறங்கிச் சில நிமிடங்களில் மறுபடி உறைந்து, இப்போது இருப்பதைவிடக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும்.

[காலை 6:47] மாமா: அம்மாடி, கைப்பிடியைப் பிடித்து இழுக்காதே. கதவைப் பிடித்திருப்பது பூட்டு அல்ல, கதவைச் சுற்றியுள்ள ரப்பர் பீடிங். நீ வலுவாக இழுத்தால் ரப்பர் கிழியும், இல்லையேல் கைப்பிடி கையோடு வரும். கதவின் ஓரங்களில் உள்ளங்கையை வைத்து, அல்லது இடுப்பைக் கொடுத்து, உள்நோக்கி நான்கைந்து முறை அழுத்து. உள்ளே மெல்லிய பனித்தகடு நொறுங்கும் ஒலி கேட்கும். அப்படியும் திறக்காவிட்டால் மற்றக் கதவுகளையும் பின்கதவையும் ஒவ்வொன்றாக முயன்று பார்.

[காலை 6:58] அக்கா: இடப்பக்கத்துப் பின் கதவு முதல் அழுத்திலேயே திறந்துவிட்டது. உண்மையைச் சொல்ல வேண்டுமென்றால், அந்தப் பக்கத்தை நான் சரியாகக் கழுவவே இல்லை. உள்ளே தவழ்ந்து போய் எஞ்சினை இயக்கி, ஹீட்டரை முழு வேகத்தில் வைத்திருக்கிறேன்.

[காலை 7:00] மாமா: நல்லது. கார் திறந்த வெளியில்தானே நிற்கிறது? இன்னும் ஒன்று: நேற்று ஹேண்ட் பிரேக் போட்டாயா?

[காலை 7:01] அக்கா: போட்டேன் மாமா. எப்போதும் போடுவதுதானே வழக்கம்.

[காலை 7:03] மாமா: வெளியில்தான் நிற்கிறது என்று எடுத்துக்கொள்கிறேன். பின் சக்கரங்களில் டிரம் பிரேக், அதாவது சுழலும் உருளையை உள்ளிருந்து கட்டைகள் அழுத்திப் பிடிக்கும் வகை, உள்ள காராக இருந்தால், கழுவிய நீர் உள்ளே புகுந்து பிரேக் கட்டையையும் டிரம்மையும் ஒன்றாக உறைய வைத்திருக்கக்கூடும். கேபிளுக்குள் நீர் இறங்கி உறைவதும் உண்டு. லீவரை இறக்கிவிட்டு மிக மெதுவாக ஒரு கை அளவு முன்னே, ஒரு கை அளவு பின்னே நகர்த்திப் பார். சக்கரம் உருளாமல் இழுபட்டால் ஆக்சிலேட்டரை மிதிக்காதே, நிறுத்திவிடு.

[காலை 7:19] அக்கா: இரண்டாம் முறை பின்னே நகர்த்தியபோது “டக்” என்று ஒரு சத்தம் வந்து சக்கரம் விடுபட்டது. ஓட்டுநர் கதவும் இப்போது திறக்கிறது. பீடிங்கின் பள்ளம் நெடுக, கண்ணாடிக் குச்சி வைத்தாற்போல ஒரே நீளப் பனிக்கட்டி இருக்கிறது. கிளம்புகிறேன், மாலையில் பேசுவோம்.

[மாலை 7:35] அத்தான்: இந்தக் கூத்துக்குப் பிறகு என் தரப்பு வலுவாகிவிட்டது. குளிர்காலம் முடியும் வரை காரைக் கழுவவே வேண்டாம் என்று நான் அப்போதே சொன்னேன்.

[மாலை 7:41] தம்பி: அத்தான், அதை ஒப்புக்கொள்ள முடியாது. சாலையில் தூவும் உப்பு, நீரின் உறைநிலையைக் கீழே இறக்குவதற்காகத்தான் தூவப்படுகிறது. 23 விழுக்காட்டு உப்புக் கரைசல் ஏறத்தாழ மைனஸ் 21 டிகிரி வரை உறையாமல் நீராகவே இருக்கும். அதாவது வெறும் தண்ணீர் கல்லாகிக் கிடக்கும் நாளிலும் காரின் அடிப்பாகத்தில் உப்புநீர் ஈரமாகவே ஒட்டியிருக்கிறது. இரும்பு, ஆக்சிஜன், மின்சாரத்தைக் கடத்தும் உப்புநீர் ஆகிய மூன்றும் ஓரிடத்தில் சேர்ந்தால் துருவுக்கு வேறொன்றும் வேண்டியதில்லை. சில இடங்களில் கால்சியம் குளோரைடோ மக்னீசியம் குளோரைடோ கலக்கிறார்கள். அவை காற்றின் ஈரத்தையே உறிஞ்சிக்கொண்டு காயாமல் இருப்பவை.

[மாலை 7:44] அத்தான்: அப்படியென்றால் வெதுவெதுப்பான கராஜுக்குள் நிறுத்தினால் எல்லாம் காய்ந்துவிடாதா?

[மாலை 7:49] தம்பி: அங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். வேதிவினை குளிரில் மந்தமாகவும் வெப்பத்தில் விரைவாகவும் நடக்கும். மட்கார்டின் உட்புறம் அப்பியிருக்கும் உப்புச் சேற்றோடு காரைச் சூடான கராஜில் விட்டால், அந்தச் சேறு உருகி, கதவின் அடிவிளிம்பு, பற்றவைத்த இணைப்புகள், பிரேக் எண்ணெய்க் குழாய்கள் என்று எல்லா இடுக்கிலும் இறங்கி, இரவு முழுவதும் துருவுக்கு ஏற்ற வெப்பத்தில் வேலை செய்யும். கழுவாத காருக்கு உறைபனியில் வெளியே நிற்பதே மேல் என்றுகூடச் சொல்லலாம்.

[மாலை 7:52] பெரியப்பா: கழுவினால் கதவு உறைகிறது, கழுவாவிட்டால் தகடு அரிக்கிறது. பின் என்னதான் செய்வது?

[மாலை 8:10] மாமா: அண்ணா, கழுவுவதில் தவறில்லை. நேரமும், கழுவிய பின் தங்கிய நீரும்தான் இவளைக் கெடுத்தன. நான் பனிநாட்டுக்கு வந்த முதல் ஆண்டில் இதே தவற்றைச் செய்து, ஒரு பக்கத்துப் பீடிங்கை முழுவதுமாகக் கிழித்துக்கொண்டவன் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

அம்மாடி, முதலில் வானிலையைப் பார்க்க வேண்டும். வெப்பநிலை சுழியத்துக்கு மேல், முடிந்தால் 4 அல்லது 5 டிகிரிக்கு மேல் ஏறும் நாளாக, அதற்குப் பின்னும் சில மணி நேரம் உறைநிலைக்குக் கீழே இறங்காத நாளாக இருக்க வேண்டும். ஆகவே முற்பகல் பதினொன்றிலிருந்து பிற்பகல் ஒன்றுக்குள் தொடங்குவது நல்லது. வேலை விட்டு வந்து இருட்டிய பிறகு கழுவுவது உறைய வைப்பதற்கென்றே கழுவுவது போலாகும். அப்படி ஒரு நாள் வாய்க்காவிட்டால், அடிப்பாகத்துக்கும் நீர் பீய்ச்சி, முடிவில் காற்றடித்து உலர்த்தும் தானியங்கி கார் வாஷுக்குப் போவதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை. கடுங்குளிரில் அங்கே கழுவினாலும் வெளியே வந்தவுடன் கதவோரங்களை நீயே துடைத்தாக வேண்டும், காற்றடிக்கும் இயந்திரம் அங்கெல்லாம் எட்டாது.

வீட்டில் கழுவுவதானால் அடியிலிருந்து தொடங்கு. கண்ணுக்குத் தெரியும் கூரையையும் பானெட்டையும் பளபளப்பாக்கிவிட்டு, உப்பு மூட்டையாகத் தொங்கும் மட்கார்டை விட்டுவிடுபவர்களே அதிகம். ஒவ்வொரு சக்கரத்தின் பின்னாலும் குழாயை நுழைத்து, விழும் நீர் சாம்பல் நிறம் மாறித் தெளியும் வரை அடிக்க வேண்டும். மேற்புறத்தில் ஷாம்பு துணியை வைப்பதற்கு முன் வெறும் நீரால் நன்றாக அலசிவிடு; உப்போடு சேர்ந்து மணலும் ஒட்டியிருப்பதால், அலசாமல் தேய்த்தால் உப்புத்தாள் வைத்துப் பெயின்ட்டைத் தேய்ப்பதற்குச் சமம். நீர் கை பொறுக்கும் வெதுவெதுப்பில் இருக்கலாம், அதற்கு மேல் வேண்டாம்.

[மாலை 8:13] சித்தி: “அலசத் தேவையில்லாத ஷாம்பு” என்று ஒன்று விற்கிறார்களே, ஒரு வாளி நீரிலேயே வேலை முடிந்துவிடும் என்கிறார்கள். அது குளிருக்கு ஏற்றதல்லவா?

[மாலை 8:16] மாமா: லேசான தூசிக்கு மிக ஏற்றது, கராஜுக்குள்ளேயே செய்துவிடலாம், தரையும் அதிகம் நனையாது. ஆனால் உப்புச் சேறு அப்பிய காரில் நேராக அதைப் பயன்படுத்தாதே. முதலில் எங்காவது நீரடித்துச் சேற்றை இறக்கிவிட்டு, அதன் பிறகு அதைக் கொண்டு துடைக்கலாம்.

[மாலை 8:20] அக்கா: நான் கழுவியது ஒன்றும் மோசமில்லை மாமா. துடைக்காமல் விட்டதுதான் தவறு என்று புரிகிறது. எங்கெங்கே துடைக்க வேண்டும்?

[மாலை 8:31] மாமா: கழுவ அரை மணி நேரம் என்றால் துடைக்கவும் அரை மணி நேரம் ஒதுக்கு. உலர்ந்த மைக்ரோஃபைபர் துணிகள் ஐந்தாறு வேண்டும், ஒன்று நனைந்ததும் அடுத்ததை எடு. எல்லாக் கதவுகளையும் திறந்து வைத்து, பீடிங்கின் இரு பக்கமும், அது வந்து அழுந்தும் தகட்டின் ஓரமும், கதவின் அடியில் நீர் தேங்கும் விளிம்பும் விரலால் துணியை நுழைத்துத் துடைக்க வேண்டும். பிறகு பீடிங்கின் மேல் சிலிக்கான் கிரீஸை மெல்லியதாகத் தடவு. எஞ்சின் ஆயில், சாதாரண கிரீஸ் ஆகியவற்றைத் தொடவே தொடாதே, அவை அந்த ரப்பரை ஊதச் செய்து நாளடைவில் கெடுத்துவிடும். வைப்பரின் ரப்பரைத் துடைத்து, கண்ணாடியை விட்டுத் தூக்கி நிறுத்து. மழையை உணர்ந்து தானாக ஓடும் வைப்பர் என்றால் கழுவத் தொடங்கும் முன்பே அதை அணைத்துவிடு. பக்கவாட்டுக் கண்ணாடிகளை மின்விசையால் மடக்காதே. மடங்கிய நிலையில் உறைந்துவிட்டால் அதன் சிறு மோட்டார் திணறும்.

துடைத்து முடித்ததும் காரைக் கால் மணி நேரமாவது ஓட்டு. ஓட்டும்போது ஆளில்லாத இடத்தில் பிரேக்கை மெல்ல மெல்லப் பல முறை அழுத்தினால் அந்தச் சூட்டில் பிரேக்குகள் காயும். திரும்பி வந்து சமதரையில் நிறுத்தி, கியரில் போட்டு, சக்கரத்துக்கு முட்டுக் கொடு. அன்று இரவு மட்டும் ஹேண்ட் பிரேக் வேண்டாம்.

[மாலை 8:34] அத்தான்: ஓட்டுவதற்குப் பதிலாகக் கராஜுக்குள் எஞ்சினை ஓடவிட்டு ஹீட்டரில் காயவைத்தால் என்ன?

[மாலை 8:35] தம்பி: கூடவே கூடாது அத்தான். எஞ்சின் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. மூடிய கராஜில் சில நிமிடங்களிலேயே உயிரைக் குடிக்கும் அளவுக்குச் சேர்ந்துவிடும். கதவைத் திறந்து வைத்தாலும் நம்ப முடியாது.

[மாலை 8:36] மாமா: காலையில் கார் வெளியில்தானே நிற்கிறது என்று நான் கேட்டதும் அதற்காகத்தான்.

[மாலை 8:40] சித்தி: காரைப் பற்றியே பேசுகிறீர்கள். கழுவிய நீர் வாசலில் ஓடி உறைந்தால் முதலில் விழப்போவது குழந்தைகள்தான்.

[மாலை 8:44] மாமா: சரியாகச் சொன்னாய், அதை நான்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். நீர் நடைபாதைக்கோ தெருவுக்கோ ஓடாத இடத்தில் கழுவி, முடித்ததும் தேங்கிய நீரைத் தள்ளிவிட்டு மணல் தூவ வேண்டும். குழாயிலும் பிரஷர் வாஷரிலும் மிஞ்சிய நீரையும் வடித்துவிடு அம்மாடி. நீர் உறையும்போது ஏறத்தாழ 9 விழுக்காடு பெருக்கும், அந்தப் பெருக்கத்தை பம்ப்பின் உடல் தாங்காது. கைக்குக் கம்பளிக் கையுறையின் மேல் ரப்பர் கையுறை போட்டுக்கொள்.

[மாலை 8:47] பெரியப்பா: அப்படியானால் என் வெந்நீர் வாளிக்கு எங்கும் இடமில்லை.

[மாலை 8:48] மாமா: கழுவி முடித்த பிறகு அவள் கையை முக்கிக்கொள்ளத் தேவைப்படும் அண்ணா. அதுவும் வெதுவெதுப்பாக இருந்தால் போதும்.

அடுத்த வாரம், சனி

[பிற்பகல் 1:50] அக்கா: இன்று 5 டிகிரி, நல்ல வெயில். பதினொன்றரைக்குத் தொடங்கினேன். நான்கு சக்கரங்களின் பின்னாலிருந்து இறங்கிய சேற்றை வாரினால் அரை வாளி தேறும். எல்லாம் துடைத்துவிட்டோம் என்று எழுந்து நின்றால், பக்கவாட்டுக் கண்ணாடியின் அடியிலிருந்து ஒரு சொட்டு கதவில் வழிந்தது. அதைத் துடைத்தேன், இரண்டு நிமிடம் கழித்து இன்னொரு சொட்டு. அந்தக் கூட்டுக்குள் எவ்வளவு நீர்தான் நிற்குமோ தெரியவில்லை, கால் மணி நேரம் அதனோடு மல்லுக்கு நின்றேன்.

[பிற்பகல் 1:58] மாமா: ஓட்டும்போது வரும் காற்றில் அதுவும் வெளியேறிவிடும். ஓட்டி வந்த பிறகு அந்த இடத்தை மட்டும் மறுபடி ஒரு முறை துடை.

ஞாயிறு

[காலை 7:12] அக்கா: இரவு மைனஸ் 9 வரை போயிருக்கிறது. நான்கு கதவுகளும் பின்கதவும் ஒரு விரல் தொட்டவுடன் திறந்தன, சக்கரமும் தடையின்றி உருண்டது.

[காலை 7:40] அக்கா: பெட்ரோல் போட வந்திருக்கிறேன். டேங்கின் வெளிமூடி திறக்கவில்லை.

[காலை 7:42] மாமா: அதைத் துடைக்கச் சொல்ல நான் மறந்துவிட்டேன் அம்மாடி. உள்ளங்கையால் மூடியின் ஓரத்தை உள்நோக்கி அழுத்து.

[காலை 7:44] அக்கா: நொறுங்கும் ஒலி கேட்டது மாமா, திறந்துவிட்டது.