‘தலை போகிற கவலை’: மரபுத்தொடர் வரும் குறுக்கெழுத்துக் குறிப்புகளை அவிழ்ப்பது எப்படி?

கேள்வி

வணக்கம். நேரடிக் குறிப்புகள் கொண்ட குறுக்கெழுத்துகளைப் பல ஆண்டுகளாக நிரப்பி வருகிறேன். சொல்விளையாட்டுப் புதிர்களுக்கு அண்மையில்தான் வந்தேன். அவற்றில் மரபுத்தொடர் வந்தாலே தடுமாறிப் போகிறேன். இம்மூன்றும் இரண்டு நாட்களாக நிற்கின்றன.

தலை போகிற கவலையிலும் மீனவர் கையில் இருப்பது (2)
ஆட்டுக் கொட்டிலுக்குக் கொம்பு முளைத்தால் நகையை வைத்துப் பூட்டலாம் (3)
மதிப்பின் தலையோடு நசுங்கிய தகரமும் ரத்தினம் ஆகும் (5)

மூன்றாவதற்கு ‘மாணிக்கம்’ என்று பென்சிலால் எழுதியிருக்கிறேன். ஐந்து கட்டங்களும் நிறைகின்றன. ஆனால் தகரத்துக்கும் அதற்கும் என்ன உறவு என்றுதான் விளங்கவில்லை.

மறுமொழி 1

உறவு விளங்கவில்லை என்றால் அந்த விடையை அழித்துவிடுங்கள். குறிப்பின் ஒரு முனையில் விடையின் பொருள் இருக்கும். எஞ்சிய பகுதி, அதே விடையை எழுத்தெழுத்தாகக் கட்டித் தரும். இரண்டும் ஒரே சொல்லில் வந்து சேர வேண்டும்.

மரபுத்தொடரைக் கண்டதும் நம் மனம் அதன் வழக்கமான பொருளுக்கு ஓடிவிடுகிறது. புதிரிலோ அதைச் சொல்லுக்குச் சொல் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டும். ‘தலை போகிற கவலை’ என்பதில் அவசரமும் இல்லை, துயரமும் இல்லை. ‘கவலை’ என்ற சொல்லின் தலையெழுத்துப் போகிறது. மிஞ்சுவது ‘வலை’. தாமரை ‘மரை’ என்று நிற்பதை முதற்குறை என்று இலக்கணத்தில் படித்தோமே, ஏறக்குறைய அதே வேலைதான்.

மறுமொழி 2

இரண்டாவது குறிப்பு எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது, ஏனென்றால் இது தமிழ் எழுத்தின் வடிவத்தை வைத்தே விளையாடுகிறது. எ, ஏ ஒலிகளுக்காக எழுத்தின் முன்னால் இடும் குறியைக் கொம்பு என்கிறோம். ஆ ஒலிக்குப் பின்னால் இடுவது கால். ஆட்டுக் கொட்டில் என்றால் பட்டி. ‘ப’வுக்குக் கொம்பு முளைத்தால் பெட்டி. இதே வழியில், மலைக்குக் கால் முளைத்தால் பொழுது சாய்ந்துவிடும்: மாலை.

மறுமொழி 3

விடை சரிதான், ஆனாலும் புதிர் அமைத்தவர்மீது எனக்கு ஒரு குறை உண்டு. இரட்டைக்கொம்பு வைத்தால் ‘பேட்டி’ என்பதும் நல்ல சொல்லாயிற்றே. ‘பூட்டலாம்’ என்ற சொல் காப்பாற்றுகிறது என்றாலும், ‘ஒற்றைக்கொம்பு’ என்று எழுதியிருந்தால் நியாயமாக இருந்திருக்கும்.

மூன்றாவதற்கு விடையைச் சொல்லப் போவதில்லை. நீங்களே கண்டுபிடிக்கும் மகிழ்ச்சியைக் கெடுக்க மனமில்லை. நசுங்கிய, கலைந்த, குழம்பிய, உடைந்த போன்ற சொற்கள் வந்தால், அருகிலிருக்கும் சொல்லின் எழுத்துகளை இடம் மாற்றிப் பார்க்க வேண்டும் என்று பொருள். ‘தலை’ என்ன செய்யும் என்பது உங்களுக்கு இப்போது தெரியும். எழுத்துகளை ஒரு தாளில் வட்டமாக எழுதிப் பாருங்கள். வரிசையாக எழுதினால் பழைய சொல்லே கண்ணை மறைக்கும்.

கேட்டவர்

வட்டமாக எழுதினேன்: த, க, ர, ம், அவற்றோடு மதிப்பின் ‘ம’. மரகதம்! இரண்டாம் கட்டத்தில் ‘ணி’யை அழித்து ‘ர’வை எழுதியதும், அதன் வழியே மேலிருந்து கீழாகச் செல்லும் ‘வழிவழி வழக்கம் (3)’ என்ற குறிப்பும் ‘மரபு’ என்று தானே நிரம்பிவிட்டது. மூவருக்கும் மனமார்ந்த நன்றி.