மொரீஷியஸ்ல காவடி மாசத்துல போன் எடுக்க ஏஐ குரல் சரிப்படுமா?

ரோஸ் ஹில் சமையல்காரி:
காவடிக்கு வாழையிலைச் சாப்பாடு, ஏழு கறி ஆர்டர் எடுக்குறேன். கை முழுக்க மாவு இருக்கும்போதுதான் போன் அடிக்குது. ஏஐ குரல் வைக்கலாமா? கூப்பிடுறவங்க எல்லாம் கிரியோல்தான் (பிரெஞ்சுல இருந்து வந்த நம்ம ஊர்ப் பேச்சு) பேசுவாங்க.

போர்ட் லூயி கடைக்காரர்:
அங்கதான் சிக்கல் அக்கா. பல ஏஐ குரல்கள் பேச்சை முதல்ல எழுத்தா மாத்தித்தான் பதில் யோசிக்கும். என்கிட்ட இருந்தது கிரியோலைப் பிரெஞ்சுன்னு எடுத்துக்கிச்சு. 'சிஸ்' (ஆறு) கேட்டவருக்கு 'டிஸ்'னு (பத்து) பதிஞ்சு, 6 பெட்டி 10 ஆயிடுச்சு. எண்ணிக்கையைத் திருப்பிச் சொல்லிக் கேக்க வைங்க.

கத்ர் போர்ன் தம்பி:
பேரு, நம்பர், தேதி மட்டும் வாங்கட்டும், விலை பேச விடாதீங்க. குரல் பதிவாகுதுன்னு முதல்லயே சொல்லிடணும், நம்ம நாட்டுல 2017 தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கு.

ரோஸ் ஹில் சமையல்காரி:
நன்றி தம்பி. சாயங்காலம் நானே திருப்பிக் கூப்பிடுறேன். துக்க வீட்டுச் சாப்பாடு கேட்டும் கூப்பிடுவாங்களே, அவங்களை மெஷின்கிட்ட விட மனசு வரல.