கோச் தன் குறையைப் பிள்ளைகள் முன்னால் சொல்லலாமா?

பெத்தானியா77:
அமெரிக்க ஹைஸ்கூல் ஃபுட்பாலில் (நம் கால்பந்து அல்ல, முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஆடுவது) விசுவாசியான கோச்கள் பலர் பிள்ளைகளை உட்கார வைத்துத் தங்கள் தவறுகளை வெளிப்படையாகச் சொல்கிறார்கள். அப்படிச் சொன்னால் கோச்சுக்கு மரியாதை போய்விடும் என்று இங்கே சிலர் எழுதியிருந்தீர்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிடும்படி யாக்கோபு 5:16 சொல்கிறது. கழுத்தில் விசில் மாட்டியவருக்கு அதில் விலக்கு கிடையாது.

ஆனால் அதற்கு முறை உண்டு. மறுநாள் ஆட்டத்தின் வீடியோவைப் பார்க்கும்போது, பிள்ளைகளின் தவறைத் தொடுவதற்கு முன்பே தன் தவறைச் சொல்லிவிட வேண்டும். "இன்னும் நல்லா செஞ்சிருக்கலாம்" என்பது அறிக்கை ஆகாது. "ரெண்டாம் பாதிக்கு இருந்த மூணு டைம்-அவுட்ல ரெண்டை மூணாவது குவார்ட்டர்லயே நான் செலவழிச்சேன். ஆளை மாத்தி அனுப்புறதுல தாமதம் பண்ணதும் நான்தான். கடைசி ரெண்டு நிமிஷத்துல கடிகாரத்தை நிறுத்த முடியாமப் போனது அதனாலதான்." இப்படிச் சொன்னால்தான் அது அறிக்கை. கூடவே எதை மாற்றப் போகிறார் என்பதும் வர வேண்டும்: அடுத்த ஆட்டத்திலிருந்து ஆள் மாற்றும் வேலை ஓர் உதவிக் கோச்சுக்கு. கடைசியில் "ஆனா நீங்களும்..." என்று ஒரு வார்த்தை ஒட்டினால் அத்தனையும் வீண்.

ஒரு பையனைத் திட்டியிருந்தால், எத்தனை பேர் முன்னால் திட்டினாரோ அத்தனை பேர் முன்னால்தான் மன்னிப்பும் கேட்க வேண்டும். தனி அறைக்குக் கூப்பிட்டுக் கேட்பது பாதி மன்னிப்பு.

களத்துமேடு:
பிரதர், டைம்-அவுட் விஷயத்தில் எனக்கு மறுப்பே இல்லை. என் பயம் அதற்கு அடுத்த படியில். கோச் தன் குடும்பச் சண்டையையும் பழைய குடியையும் சாட்சியாகச் சொல்வார். சொல்லி முடித்து, வட்டமாக உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளைப் பார்த்து "வேற யாரு?" என்பார். பதினாறு வயதுப் பையனுக்கு அங்கே மறுக்கிற சுதந்திரம் ஏது? வெள்ளிக்கிழமை ஆட்டத்தில் யார் களத்தில், யார் பெஞ்சில் என்பது அவர் கையில் அல்லவா இருக்கிறது!

வாஷிங்டன் மாநிலத்து பிரெமர்ட்டன் வழக்கைப் பாருங்கள். ஆட்டம் முடிந்ததும் மைதானத்தில் ஜெபம் செய்ததற்காகப் பள்ளி நிர்வாகம் கோச் ஜோசஃப் கென்னடியை விடுப்பில் அனுப்பியது. 2022-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 6-3 என்ற கணக்கில் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. மைதானத்தில் அவர் செய்தது தனிப்பட்ட ஜெபம் என்றது. ஆனால் அதே வழக்கின் ஆவணங்களில் ஒரு பெற்றோரின் முறையீடும் இருக்கிறது. அவர் மகனுக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. சேராவிட்டால் ஆட வாய்ப்புக் குறையும் என்று பயந்து ஜெபத்தில் சேர்ந்துகொண்டான். தீர்ப்பால் கோச்சுக்கு வேலை திரும்பக் கிடைத்தது. அந்தப் பையன் பட்ட பயத்துக்கு அதில் பதில் இல்லை.

அரசுப் பள்ளியில் கூடும் கிறிஸ்தவ விளையாட்டுக் குழு ('ஹடில்') மாணவர்கள் தாங்களே நடத்த வேண்டியது. பள்ளி ஊழியர் அங்கே இருக்கலாம், பங்கெடுக்கக் கூடாது என்று 1984-ன் சம அணுகல் சட்டம் சொல்கிறது. ஆகவே கோச் எழுந்து சாட்சி சொல்ல அது இடமே இல்லை.

பெத்தானியா77:
"வேற யாரு?" என்று கேட்பது தவறு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் துக்கத்தையும் மறைத்துக்கொள்ளச் சொல்வீர்களா? இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸ் என்ற தொழில்முறை அணிக்கு அப்போது கோச்சாக இருந்த டோனி டஞ்சியின் மகன் 2005 டிசம்பரில் தற்கொலை செய்துகொண்டான். டஞ்சி ஓர் ஆட்டத்துக்கு மட்டும் வரவில்லை, பிறகு அணிக்குத் திரும்பிவிட்டார். அடுத்த பிப்ரவரியில், டெட்ராய்ட்டில் 'அத்லீட்ஸ் இன் ஆக்‌ஷன்' என்ற கிறிஸ்தவ விளையாட்டு அமைப்பின் காலை விருந்தில் மகனைப் பற்றி எல்லார் முன்பும் பேசினார். 2007 பிப்ரவரியில் அவர் அணி தொழில்முறை ஃபுட்பாலின் இறுதிப் போட்டியான சூப்பர் பௌலை வென்றது. மரியாதை எங்கே போயிற்று?

களத்துமேடு:
டஞ்சியின் ஆட்டக்காரர்கள் வளர்ந்த ஆண்கள். ஒப்பந்தம், ஏஜென்ட், சங்கம் எல்லாம் அவர்களுக்கு உண்டு. பதினைந்து வயதுப் பிள்ளை அப்படியில்லை. கோச்சின் துக்கத்தைத் தன் தலையில் ஏற்றிக்கொள்வான், அவர் மனம் நோகக்கூடாதே என்று ஆடுவான், அடிபட்டாலும் சொல்ல மாட்டான். ஆறாத காயத்தைப் போதகரிடம் கொண்டுபோக வேண்டும், அணிக்கு வெளியே ஒத்த வயதில் இரண்டு பேரிடம் கொண்டுபோக வேண்டும். பிள்ளைகளிடம், "எங்க வீட்டுல ஒரு சாவு. இந்த வாரம் நான் வழக்கம்போல இருக்க மாட்டேன், அதுக்கு நீங்க காரணம் இல்ல" என்றால் போதும்.

தருமு_பிசியோ:
இரண்டு பேரும் கோச்சின் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். பிள்ளை வாயைத் திறக்கிறானா என்று பாருங்கள். அதே வாஷிங்டன் மாநிலத்தில் 2006-ல் 13 வயது ஜாக்கரி லிஸ்டெட் தலையில் அடிபட்ட பிறகு அதே ஆட்டத்தில் மறுபடி இறங்கினான். மூளையில் ரத்தக்கசிவு. 2009-ல் அவன் பெயரிலேயே சட்டம் வந்தது. தலை அதிர்ச்சி என்று சந்தேகம் வந்தாலே ஆளை வெளியே எடுக்க வேண்டும், உரிமம் பெற்ற மருத்துவப் பணியாளர் எழுத்தில் அனுமதி தராமல் திரும்ப இறக்கக் கூடாது.

"கர்த்தருக்காக வலியைத் தாங்கு" என்று பேசுகிற அணியில் பையன் தலைவலியைச் சொல்வானா? கோச் எவ்வளவு மனம் திறந்து அழுதாலும் அந்த ஒரு வாக்கியம் கதவைச் சாத்திவிடும். கேட்கிற விதமும் முக்கியம். பத்துப் பேர் நடுவில் "நல்லா இருக்கியா?" என்றால் "ஆமா கோச்" என்பான், வேறு பதில் வராது. ஓரமாக நிறுத்தி, "தலைவலி பத்துக்கு எத்தனை? வெளிச்சம் கூசுதா? குமட்டுதா?" என்று கேட்க வேண்டும். கேட்பவர் கோச்சாக இல்லாமல் அணியின் அத்லெட்டிக் டிரெய்னராக (ஆட்டக்காரர்களின் காயங்களைக் கவனிப்பவர்) இருந்தால் இன்னும் நல்லது, அவர் முடிவைக் கோச் மாற்றக் கூடாது. தலையில் அடிபட்டவன் ஆட்டத்துக்குத் திரும்ப வருவதற்கு ஆறு படி, ஒவ்வொன்றுக்கும் குறைந்தது 24 மணி நேரம். "உன் இடத்துக்குத் திரும்பவும் போட்டி போட உனக்கு வாய்ப்பு உண்டு" என்று சீசன் தொடங்கும்போதே எல்லாரிடமும் சொல்லிவைத்தால் மறைக்கிறவர்கள் குறைவார்கள்.

களத்துமேடு:
தருமு சிஸ்டர் சொன்னதோடு இதையும் சேர்க்கிறேன். வாய் திறந்த பையனிடம் "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று சத்தியம் செய்யக் கூடாது. பாவசங்கீர்த்தனம் (பாவ அறிக்கை) கேட்கும் குருவுக்கு, கேட்டதை வெளியே சொல்லாமலிருக்கச் சட்டம் தருகிற பாதுகாப்பு கோச்சுக்குக் கிடையாது. ஒலிம்பிக் விளையாட்டுகளின் தேசியச் சங்கங்களில் சேர்ந்த கிளப்களுக்கு சேஃப்ஸ்போர்ட் மையத்தின் (விளையாட்டில் துன்புறுத்தலைத் தடுக்கும் அமெரிக்க அமைப்பு) விதி உண்டு: சிறுவரோடு தனியாகப் பேசினாலும் பிறர் பார்க்கும்படி, குறுக்கே வர முடியும்படி பேச வேண்டும். மெசேஜ் அனுப்பினால் பெற்றோருக்கும் நகல் போக வேண்டும். பாலியல் கொடுமை என்று சந்தேகம் வந்தால் 24 மணி நேரத்துக்குள் புகார். ஆகவே பையன் ஆரம்பிக்கும் முன்பே, "உனக்கோ வேற யாருக்கோ ஆபத்துன்னா நான் சொல்லியாகணும்" என்று சொல்லிவிட வேண்டும். அவன் கொட்டித் தீர்த்த பிறகு சொன்னால் அது துரோகமாகப் படும்.

பெத்தானியா77:
இதையெல்லாம் ஏற்கிறேன். இன்னொன்றும் செய்யலாம்: ஆடும் பதினொருவர் பட்டியலை ஹடிலுக்கு முந்தின நாளே ஒட்டிவிட வேண்டும், ஹடிலுக்கு யார் வந்தார்கள் என்ற கணக்குக் கோச் கைக்கு வரவே கூடாது.

ஆனால் பழைய குடியைப் பற்றிய சாட்சியை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். தகப்பன் குடிக்கிற வீட்டிலிருந்து வரும் பையனுக்கு, மீண்டு வந்த ஒருவரைக் கண்ணால் பார்ப்பது பெரிய காரியம். பள்ளிக்கு வெளியே, சபை நடத்தும் அணியில், பெற்றோரும் உட்கார்ந்திருக்கும்போது சொல்லட்டும். குடியை விட்டுப் பல வருஷம் ஆகியிருக்க வேண்டும். மனைவியின் சம்மதம் வேண்டும், அது அவர் வாழ்க்கையும்தான்.

களத்துமேடு:
பெற்றோர் இருக்கும்போது என்றால் சரி. என்ன சொல்லப் போகிறார் என்று அவர்களுக்கு ஒரு வாரம் முன்பே தெரிவிக்கட்டும், வேண்டாம் என்கிறவர்கள் பிள்ளையைக் கூட்டிவராமல் இருக்கட்டும். வராத பையனிடம் மறுநாள் பயிற்சியில் யாரும் காரணம் கேட்கக் கூடாது.