நம்ம வீடு குழு: செக் ரிட்டர்ன்

சின்ன மாமா: செக் திரும்பிருச்சு. "பணம் போதவில்லை"ன்னு மெமோ. மூணு லட்சம்

பெரியம்மா: யாரு குடுத்த செக்

சின்ன மாமா: வேற யாரு. அத்தானோட தம்பி

பெரியப்பா: 👍

பெரியப்பா: கை பட்டுருச்சு

வக்கீல் சித்தி: சின்னண்ணா, மெமோ உங்க கைக்கு என்னைக்கு வந்துச்சு? செக் தேதி வேண்டாம்

சின்ன மாமா: ஜூலை 8

வக்கீல் சித்தி: அப்போ 30 நாள். ஆகஸ்ட் 7க்குள்ள நோட்டீஸ் ஸ்பீட் போஸ்ட்ல போகணும், ரசீதை வச்சுக்கணும். நோட்டீஸ்ல செக் தொகையைத் தனியா கேக்கணும். வட்டி, வக்கீல் ஃபீஸ் எல்லாத்தையும் கூட்டி ஒரே தொகையா கேட்டா 138, அதான் செக் திரும்பினா போடுற கிரிமினல் கேஸ் பிரிவு, அங்கேயே படுத்துரும். நோட்டீஸ் அவர் கைக்குப் போய் 15 நாள்ல கட்டலைன்னா, அடுத்த ஒரு மாசத்துக்குள்ள மாஜிஸ்திரேட் கோர்ட்ல புகார்.

பெரிய மாமா: சொந்தத்துக்குள்ள கோர்ட்டா

சின்ன மாமா: வேப்பமரத் தகராறுக்கு நீங்க கோர்ட்டுக்குப் போகலையா அண்ணா

குட்டி: 🍿

பெரியம்மா: போன தடவை வந்தப்ப என் முறுக்கு டப்பாவை யாரு எடுத்துட்டுப் போனது

குட்டி: மாமா, நடுவுல ஜிபேல 50,000 வந்துச்சே?

சின்ன மாமா: ஜூன் 28. செக் வாங்கின மறுவாரம். "அசல்ல வரவு"ன்னு நானும் பதில் போட்டுட்டேன்

வக்கீல் சித்தி: போச்சு. செக்கை பேங்குல போட்ட அன்னைக்கு பாக்கி இரண்டரைதான், செக்கோ மூணுக்கு. பாக்கிக்கு மேல தொகை இருக்கிற செக் திரும்பினா 138 குற்றம் ஆகாதுன்னு 2022ல சுப்ரீம் கோர்ட்டே சொல்லிருச்சு. செக் பின்னாடி 50,000 வரவு எழுதியிருக்கணும், இல்ல இரண்டரைக்குப் புது செக் வாங்கியிருக்கணும். புரோநோட்டு இருக்கா?

சின்ன மாமா: இருக்கு. 2023 ஆகஸ்ட் 14

வக்கீல் சித்தி: அதை வச்சு வழக்கு போடுற மூணு வருஷக் கெடு வர்ற ஆகஸ்ட் 14ல முடியுது! படம் அனுப்புங்க. கையெழுத்து ரெவின்யூ ஸ்டாம்ப் மேல ஓடியிருக்கா? கீழ மட்டும் இருந்து ஸ்டாம்ப் சுத்தமா கிடந்தா, ஒட்டாததுக்குச் சமம். மத்த பத்திரத்துக்கு அபராதம் கட்டிச் சரி பண்ணலாம், புரோநோட்டுக்கு அந்த வழி கிடையாது.

சின்ன மாமா: ஸ்டாம்ப் மேலயே ஓடியிருக்கு

வக்கீல் சித்தி: அப்பாடா. 14க்குள்ள ரெண்டுல ஒண்ணு நடக்கணும். புரோநோட்டு பின்னாடி "28.6.2026ல ரூ.50,000 கொடுத்தேன், பாக்கி உண்டு"ன்னு அவரே எழுதி, தேதியோட கையெழுத்து. அப்போ மூணு வருஷம் புதுசா ஓடும். இல்லைன்னா வழக்கு தாக்கல். ஜிபே ஸ்க்ரீன்ஷாட்டை நம்பி உக்காராதீங்க, அதுல அவர் கையெழுத்து இல்ல. நீங்களா வரவு எழுதிக்கிட்டாலும் காலக்கெடு நீளாது.

பெரியம்மா: அவர் இடத்தை விக்கப் போறாராமே

பெரியப்பா: யாரு சொன்னா

பெரியம்மா: உங்க தங்கச்சிதான்

வக்கீல் சித்தி: வில்லங்கம் போட்டுப் பாருங்க. வழக்கோடயே தீர்ப்புக்கு முன் ஜப்தி கேக்கலாம். ஆனா "விக்கறாராம்" பத்தாது. கடன்காரருக்குக் கிடைக்காம பண்ணத்தான் விக்கறார்னு அஃபிடவிட்ல விவரம் வேணும், அட்வான்ஸ் அக்ரிமென்ட் நகல் மாதிரி ஏதாவது.

பெரிய மாமா: வளைகாப்பு முடியட்டும்

சின்ன மாமா: வளைகாப்பு 16 அண்ணா

குட்டி: கோர்ட் ஃபீஸ் எவ்வளவு சித்தி

வக்கீல் சித்தி: 3 சதவீதம். இரண்டரைக்கு 7,500, வட்டி கேட்டா அதுக்கும் சேர்த்து. லோக் அதாலத்ல சமரசமானா திரும்ப வந்துரும்.

பெரியப்பா: ஞாயிறு நான் தம்பியைக் கூட்டிட்டு வரேன். எழுதித் தருவான்

சின்ன மாமா: போன தீபாவளிக்கும் இதையே சொன்னீங்க அத்தான்

வக்கீல் சித்தி: வந்தா புரோநோட்டை அவர் கையில குடுத்துராதீங்க. மேஜையில வச்சு, நீங்க பிடிச்சுக்கிட்டு எழுதச் சொல்லுங்க. கிழிஞ்சா அப்புறம் நகலை வச்சு நிரூபிக்கிறது பெரும்பாடு. வழக்கு மனுவையும் இப்பவே எழுதி வைக்கிறேன்.

சின்ன மாமா: ஞாயிறு பார்ப்போம்

பெரியம்மா: சாப்பாடு எத்தனை பேருக்கு? டப்பா எடுத்தவங்களும் கொண்டு வந்துருங்க