பதில்: கைக்குழந்தைத் திடீர் இறப்பு – அவசரமாக ஒரு சொல் வேண்டும்

நண்பர்களே,
தடயவியல் மருத்துவக் கையேட்டின் இயல் ஒன்று வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ‘சடன் இன்ஃபன்ட் டெத் சிண்ட்ரோம்’ என்பதற்குத் ‘திடீர் சிசு மரணக் கூட்டறிகுறி’ என்று எழுதி வைத்திருக்கிறேன். ஆனால் இதில் அறிகுறியே கிடையாதே! 1969 சியாட்டில் மாநாட்டு வரையறைப்படி, முழுமையான பிரேதப் பரிசோதனைக்குப் பிறகும் போதிய காரணம் கிடைக்காத சாவு இது. ஒரு வயதுக்குள் என்ற வரம்பும், சம்பவ இடத்தை ஆராய வேண்டும் என்ற நிபந்தனையும் பின்னால் சேர்ந்தவை. காரணம் பிறகு தெரிய வந்தாலும் வராவிட்டாலும், எதிர்பாராமல் நேர்ந்த எல்லாக் கைக்குழந்தைச் சாவையும் குறிக்க ‘சடன் அன்எக்ஸ்பெக்டட் இன்ஃபன்ட் டெத்’ என்ற இன்னொரு பெரிய வகுப்பும் உண்டு. இரண்டுக்கும் சொல் தாருங்கள்.
– செ.

சிசு வடசொல். குழவி இருக்கக் கவலை ஏன்? தொல்காப்பிய மரபியலில் உண்டு, புறநானூற்று 74ஆம் பாட்டு ‘குழவி இறப்பினும்’ என்றே தொடங்குகிறது. ஏது, அதாவது காரணம், இல்லாதது ஏதில். ஆக, ‘ஏதில் குழவியிறப்பு’.
– இள.

அயலாரைச் சொல்லும் ‘ஏதிலார் குற்றம்’ குறளைப் படித்தவன் இதை யாரோ அயல்வீட்டுக் குழந்தை என்று நினைப்பான். ஏதுவும் வடசொல்தான் ஐயா, மணிமேகலைத் தருக்கத்தில் வரும் ஹேது. குழவியை வகுப்பில் உரக்கச் சொல்லிப் பாருங்கள்: பாதிப் பேர் ‘குளவி’ என்று எழுதுவார்கள், மீதிப் பேருக்கு அம்மிக்குழவி நினைவு வரும்.
– மு.

எது, யாது, ஏன், ஏது எல்லாம் ஒரே வினாவடி. ஹேது இங்கிருந்து அங்கே போயிருக்கக் கூடாதா?
– இள.

வேர் ஆராய்ச்சியைத் தனி இழைக்கு மாற்றுங்கள். பிரேதப் பரிசோதனை அறிக்கையில் இந்தச் சொல்லை எழுதும் முன் செய்ய வேண்டியவை: உடலைத் திறப்பதற்கு முன்பே முழு எலும்புக்கூட்டுக்கும் எக்ஸ்ரே, நச்சுப் பரிசோதனை, நுண்ணுயிர் வளர்ப்பு, நீரிழப்பை அறியக் கண்ணின் உள்நீர், கொழுப்பமில வளர்சிதைக் கோளாறுக்கு உலர் இரத்தப் பொட்டு, இதய மின்னோட்டக் கோளாறு தரும் எஸ்சிஎன்5ஏ முதலிய மரபணுக்களுக்கு உறைய வைத்த திசு. எல்லாத் திசுவையும் பார்மலினில் போட்டுவிட்டால் டிஎன்ஏ சிதைந்துவிடும்.

மார்பிலுள்ள தைமஸ் சுரப்பியிலும் நுரையீரல் உறையிலும் காணும் செம்புள்ளிகளை வைத்து மட்டும் மூச்சடைப்பு என்று முடிவுகட்டக் கூடாது. மெத்தையில் முகம் புதைந்து மூச்சு முட்டிய சாவையும் இதையும் கத்தியால் மட்டும் பிரிக்க முடியாது. அதனால்தான், கிடத்திய விதத்தையும் கண்டெடுத்த விதத்தையும் பொம்மையை வைத்துக் காட்டச் சொல்லிப் படம் எடுக்கிறார்கள். இவற்றை எல்லாம் செய்யாமல் எழுதினால் அது காரணம் ஆராயப்படாத சாவு.

ஆங்கிலத்தின் ‘காட் டெத்’தைப் பெயர்த்துத் ‘தொட்டில் மரணம்’ என்பது வேண்டவே வேண்டாம். நமக்குத் தொட்டில் என்றால் சேலைத் தொட்டில். அதில் கழுத்து இறுகினால் காரணம் தெரிந்த விபத்து. ‘சிசு’வோ சிசுக்கொலையை நினைவூட்டும். பிள்ளையைப் பறிகொடுத்த தாயின் கையில் தரும் தாளில் அந்த வாடை வரக் கூடாது.
– மரு. ச.

சிண்ட்ரோம், கிரேக்கத்தில் ‘சேர்ந்தோடுதல்’. 1994இல் ஆய்வாளர்கள் ஃபிலியானோவும் கின்னியும் இந்தச் சாவை விளக்க முன்வைத்த மாதிரியிலும் (மாடல்) குழந்தையின் உள்பலவீனம், வளர்ச்சியின் இக்கட்டான கட்டம், வெளி நெருக்கடி (குப்புறக் கிடத்துவது போல) மூன்றும் ஒருங்கே கூடுகின்றன. ‘உடனோட்டம்’ என்றால் என்ன?
– தே.

ஓட்டப்பந்தயம் என்பார்கள்.
– மு.

சரி. குறுகிய வகுப்புக்குக் ‘காரணம் அறியவியலாத் திடீர்க் கைக்குழந்தை இறப்பு’. பெரியதற்கு ‘எதிர்பாராத் திடீர்க் கைக்குழந்தை இறப்பு’. முதல் தடவை முழுதாக, பிறகு எஸ்ஐடிஎஸ், எஸ்யூஐடி.
– செ.

‘அறியவியலா’ என்றால் இனியும் முடியாது என்றாகும். இறந்த குழந்தைகள் சிலரின் மூளைத்தண்டில் செரட்டோனின் என்ற நரம்பு வேதிப்பொருளின் குறைபாட்டைக் கண்டிருக்கிறார்கள். மரபணுச் சோதனையால் வேறு சில சாவுகள் இந்த வகுப்பை விட்டே வெளியேறுகின்றன. ‘அறியப்படாத’ போதும்.
– மரு. ச.

ஏற்கிறேன்.
– மு.

நானும்.
– தே.

‘அறியப்படாத’ என்றே கோப்பை அனுப்பிவிட்டேன். நன்றி.
– செ.

திடீர் ஒலிக்குறிப்பு; ‘என’ சேராமல் பெயருக்கு அடையாகாது. ‘திடுமென நேர்ந்த’ என்று திருத்துக. கைக்குழந்தையும் எனக்கு உடன்பாடில்லை.
– இள.